தொங்கும் காட்டுக் கள்ளி: தண்டில் தெரியும் மாற்றம் நோயா, வளர்ச்சியா?

நம் வீடுகளில் தொங்கும் சட்டிகளில் அதிகம் காணப்படும் செடிகளில் நிஷாகந்தியும் ஒன்று. மலாய்க்காரர்கள் இதைப் பக்காவலி என்பார்கள். சீனர்களுக்கு இது கெங் ஹுவா. நம்மவர்களில் பலர் பிரம்ம கமலம் என்று சொல்லி, பூக்கும் இரவில் விளக்கேற்றிக் கும்பிடுவதும் உண்டு.

ஆண்டில் சில இரவுகள் மட்டுமே பூக்கும் இந்தச் செடிக்காகப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் அடியிலிருந்து திடீரென்று உருண்டையாக ஒரு கம்பு கிளம்பினாலோ, தண்டின் நடுவில் வேர் தொங்கினாலோ, தட்டையாக இருந்த இடத்தில் மூன்று பட்டையாகக் கிளை வந்தாலோ, செடிக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயந்து கத்தியை எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்போது வெட்டப்படுவது நோய் அல்ல. அடுத்த சில ஆண்டுகளில் பூக்கவிருந்த கிளைதான் போகிறது.

தோட்டங்கள் கைமாறி லயங்கள் காலியானபோது, வீட்டுச் சாமான்களோடு பாட்டி வைத்த செடியிலிருந்து ஒரு துண்டையும் ஒடித்து எடுத்து வந்த குடும்பங்கள் உண்டு. அப்படி வந்த செடி செத்துப்போனால் கடையில் வாங்கி ஈடு செய்ய முடியாது. ஆகவே வெட்டுவதற்கு முன்பு பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். எது இயல்பான வளர்ச்சி, எது கவனிப்புக் குறை, எது உண்மையான நோய் என்று பிரித்தறிய இந்தக் கட்டுரை உதவும்.

காட்டுக் கள்ளி என்பது எது?

கள்ளி என்றதும் பாலைவனமும் முள்ளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கள்ளிக் குடும்பத்தில் மழைக்காட்டு மரங்களின் மேல் வளரும் வகைகளும் உள்ளன. மரக்கிளைகளின் இடுக்கில் சேரும் மக்கிய இலைகளில் வேர் பிடித்து, இவை கீழ்நோக்கித் தொங்கி வளர்கின்றன. இப்படிப்பட்டவற்றைத் தொற்றுத் தாவரம் என்பார்கள்.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செம்பனை மரத்தில் மட்டை வெட்டிய அடிப்பகுதியில் பெரணிகள் முளைத்து நிற்கும் அல்லவா, அதே முறைதான். பெரணி மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை, இருக்க இடம் மட்டும் எடுத்துக்கொள்கிறது. காட்டுக் கள்ளியும் அப்படியே. இது புல்லுருவி போன்ற ஒட்டுண்ணி அல்ல.

இங்கே வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் வகைகள் நான்கு.

நிஷாகந்தி: தெற்கு மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா வரையிலான காடுகளைச் சேர்ந்தது. பூ 25 முதல் 30 செண்டிமீட்டர் நீளம் இருக்கும். இரவு 8, 9 மணிக்கு விரியத் தொடங்கி, நள்ளிரவையொட்டி முழுதாக மலர்ந்து, விடிவதற்குள் வாடிவிடும்.

மீன்முள் கள்ளி: மெக்சிகோவைச் சேர்ந்தது. தண்டின் இருபுறமும் மீன் முள்ளைப் போல ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும்.

ரிப்சாலிஸ்: மெல்லிய பச்சைக் கயிறுகள் போலத் தொங்கும். கள்ளிக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை ஆகிய இடங்களிலும் இயற்கையாகவே வளர்கிறது.

கிறிஸ்துமஸ் கள்ளி: தென்கிழக்கு பிரேசிலின் மலைக்காடுகளைச் சேர்ந்தது. குளிர்ந்த இரவுகள் இருந்தால்தான் நன்றாக மொட்டு வைக்கும். அதனால் கேமரன் மலையில் எளிதாகப் பூக்கும் இந்தச் செடி, கிள்ளானிலோ ஈப்போவிலோ வளர்ந்தாலும் பூப்பது அரிது.

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. உண்மையான பிரம்ம கமலம் இமயமலையின் உயரமான பகுதிகளில் வளரும் வேறொரு செடி. அது கள்ளி இனமே அல்ல. பக்காவலி என்ற மலாய்ப் பெயர், பார்வையை மீட்டுத் தரும் மாய மலரைத் தேடிப்போகும் குலேபகாவலி கதையை நினைவுபடுத்துகிறது. 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஆர். படத்தின் வழியாக நம்மவர்களுக்கு நன்கு அறிமுகமான கதை அது.

இலை அல்ல, தண்டு

இந்தச் செடிகளில் நாம் இலை என்று சொல்வது இலை அல்ல. அது தட்டையாகிப்போன தண்டு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தண்டின் ஓரத்தில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கண் உண்டு. கரும்பின் கணுவில் இருக்கும் பருவைப் போன்றது இது. இந்தக் கண்ணிலிருந்து புதிய கிளையும் வரலாம், பூவும் வரலாம். வேரோ தண்டின் நடு நரம்பிலிருந்தும் அடிப்பகுதியிலிருந்தும் கிளம்பும். பூ இலையின் ஓரத்தில் வருவது போலத் தெரிவதும், ‘இலையை’ ஒடித்து நட்டால் செடியாவதும் இதனால்தான்.

நல்ல பராமரிப்பு

தண்டில் தோன்றும் கோளாறுகளில் பெரும்பகுதி வெளிச்சம், மண், தண்ணீர் ஆகிய மூன்றில் ஏற்படும் தவற்றால் வருகிறது. முதலில் இவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

வெளிச்சம்: காலை 10 மணி வரையிலான இளவெயில் நல்லது. அதன் பிறகு நிழலான, ஆனால் வெளிச்சமான இடம் தேவை. கிழக்கு பார்த்த அஞ்சடி, கார் போர்ச்சின் வெளி ஓரம், மரத்தடி ஆகியவை பொருத்தமானவை. மதிய வெயில் நேராக விழும் இடத்தில் கறுப்பு நிழல்வலை கட்டலாம்.

மண்: தோட்டத்து மண்ணைத் தனியாக நிரப்பக்கூடாது. நம் மழையில் அது இறுகி, வேருக்குக் காற்று போகாமல் செய்துவிடும். தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு, பெர்லைட் அல்லது சிறு கரித்துண்டு 1 பங்கு, மக்கிய எரு 1 பங்கு என்று கலந்தால் தண்ணீர் நிற்காது. தேங்காய் மட்டையில் உப்பு இருக்கலாம். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சட்டி: அடியில் ஓட்டை கட்டாயம். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருப்பதை இந்தச் செடிகள் விரும்பும். எனவே பெரிய சட்டிக்கு அவசரமாக மாற்றத் தேவையில்லை. 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்றினால் போதும். நனைந்த சட்டி காய்ந்த சட்டியைவிடப் பல மடங்கு கனக்கும். கொக்கியும் சங்கிலியும் அதைத் தாங்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கம்பித் தடுப்புக்கு வெளியே ஒருபோதும் தொங்கவிடாதீர்கள்.

தண்ணீர்: நாள் கணக்கு வைத்து ஊற்றக்கூடாது. தொங்கும் சட்டியை அடியிலிருந்து கையால் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் ஊற்றலாம். கனமாக இருந்தால் விட்டுவிடலாம். ஊற்றும்போது அடி ஓட்டை வழியாக வடியும்வரை ஊற்றி, பிறகு காயவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையில் இருப்பவர்கள் சட்டியைக் கூரைக்குள் நகர்த்துவது நல்லது.

அடித்தட்டில் தண்ணீர் நிற்கவிடாதீர்கள். வேர் அழுகுவதோடு ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மலேசியாவில் வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் விதிக்கப்படலாம். தட்டையே எடுத்துவிடுவது இரண்டுக்கும் தீர்வு.

உரம்: மெதுவாகக் கரையும் சமச்சீர் உர மணிகளை 3 மாதத்துக்கு ஒருமுறை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி போட்டால் போதும். தழைச்சத்து அதிகமானால் தண்டு கொழுத்து வளரும், பூ வராது. கோழி எருவை நேரடியாக நிறையப் போட்டால் வேர் கருகும். அரிசி கழுவிய தண்ணீரை எப்போதாவது ஊற்றலாம். தினமும் ஊற்றினால் கலவை புளித்துக் கொசுறு ஈக்கள் வரும்.

வெட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள்

தண்டில் வழக்கமில்லாத ஒன்றைப் பார்த்தால் இந்த மூன்றையும் வரிசையாகச் சோதியுங்கள்.

முதலாவது, எங்கிருந்து வருகிறது? அடியிலிருந்தோ, ஓரத்துக் கண்ணிலிருந்தோ, நடு நரம்பிலிருந்தோ ஒழுங்காகக் கிளம்பினால் பெரும்பாலும் அது வளர்ச்சி. கண்ணுக்கும் நரம்புக்கும் தொடர்பில்லாமல் எங்கு வேண்டுமானாலும் புள்ளியாகத் தோன்றினால் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, தொட்டால் எப்படி இருக்கிறது? உறுதியாக இருந்தால் அவசரமில்லை. அழுத்தினால் உள்ளே போகிறது, ஈரம் கசிகிறது, நாற்றம் வருகிறது என்றால் அன்றே வெட்ட வேண்டும்.

மூன்றாவது, பரவுகிறதா? கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தை மீண்டும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். அளவு மாறாத தழும்புக்கு வைத்தியம் தேவையில்லை.

பயப்படத் தேவையில்லாத வளர்ச்சிகள்

அடியிலிருந்து கிளம்பும் நீண்ட உருண்டைக் கம்பு: நிஷாகந்தியில் அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். தட்டையான செடியில் சாட்டைபோல ஒரு கம்பு ஒரு மீட்டருக்கு மேலும் நேராக வளரும். இதுதான் செடியின் முதன்மைத் தண்டு. காட்டில் மரத்தின் மேல் வெளிச்சத்தைத் தேடி ஏற இது உதவுகிறது. இதன் மேற்பகுதியிலிருந்து பிறகு தட்டையான கிளைகள் வரும். பூ வைப்பது அந்தக் கிளைகள்தான். கம்பு இடைஞ்சலாக இருந்தால் ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள், அல்லது நுனியை மட்டும் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை வரும். அடியோடு வெட்டினால் வரப்போகும் பூக்கிளைகள் எல்லாம் போய்விடும்.

மூன்று, நான்கு பட்டையுள்ள தண்டு: அடியிலிருந்து வேகமாக வரும் இளந்தண்டுகளும் விதையிலிருந்து முளைத்த கன்றுகளும் முதலில் இப்படி வளரும். சில சமயம் ஓரத்தில் மெல்லிய மயிர்முள் இருக்கும். வளர வளர நுனி தட்டையாகும். செடி வேறு இனமாக மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ரிப்சாலிஸின் அடியில் மயிர்: இதுவும் இளந்தண்டின் அடையாளமே. கீழே தொங்கும் முதிர்ந்த தண்டுகளில் அந்த மயிர் இருக்காது. தண்டின் பக்கவாட்டில் வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தால் அவை பூச்சி முட்டை அல்ல, ரிப்சாலிஸின் பழங்கள். நசுக்கினால் பிசுபிசுப்பும் சிறு விதைகளும் தெரியும்.

தண்டின் நடுவில் தொங்கும் வேர்: வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ நடு நரம்பிலிருந்து வரும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நம் ஊரில் இது இயல்பு. மரத்தைப் பற்றிக்கொள்ளத்தான் இந்த வேர். பார்க்கப் பிடிக்காவிட்டால் கத்தரித்தாலும் செடிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஒரே சமயத்தில் எல்லாத் தண்டுகளிலும் வேர் கிளம்பி, தண்டும் சுருங்கினால் கவனியுங்கள். சட்டிக்குள் இருக்கும் வேர் அழுகியிருக்கலாம்.

கண்ணில் சிவப்பு முனை: இது மொட்டாகவும் இருக்கலாம், கிளையாகவும் இருக்கலாம். முதல் வாரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பிறகு மொட்டு உருண்டு, காம்பு கீழே வளைந்து, நுனி மட்டும் மேல்நோக்கித் திரும்பும். கிளை தட்டையாகி நேராக நீளும். மொட்டு வைத்த பிறகு சட்டியை இடம் மாற்றுவதையும் திருப்பி வைப்பதையும் தவிருங்கள். மொட்டு உதிர்ந்துவிடக்கூடும்.

இடுப்புபோல ஒடுங்கிய தண்டு: அகலமாக வந்த தண்டு ஓரிடத்தில் குறுகி, மீண்டும் அகலமாகும். வறட்சியிலோ உரக் குறைவிலோ வளர்ச்சி நின்று மறுபடியும் தொடங்கியதன் தடம் அது. மரத்தின் வளையத்தைப் போலச் செடியின் பழைய கதை. நோய் அல்ல.

அடித்தண்டு பழுப்பாகிக் கட்டையாவது: வயதான செடியில் அடிப்பகுதி மரப்பட்டைபோல ஆகும. அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் முதிர்ச்சி. கொழகொழவென்று இருந்தால் அழுகல்.

கண்ணில் இனிப்புத் துளி: இளந்தண்டிலும் மொட்டிலும் தேன் போன்ற துளி கசியலாம். அதைத் தேடி எறும்பு வரும். பூச்சிகள் எதுவும் இல்லாவிட்டால் துடைத்துவிட்டு விட்டுவிடலாம்.

விசிறிபோல அகன்ற நுனி: அரிதாக, தண்டின் வளர்நுனி ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு கோடாக விரிந்து, சேவல் கொண்டைபோல மடிப்பு மடிப்பாக வளரும். நுனியில் அடிபட்டதாலோ திசுவில் ஏற்பட்ட மாற்றத்தாலோ இது வரும். பெரும்பாலும் மற்ற செடிகளுக்குத் தொற்றாது. சிலர் இதை அபூர்வம் என்று தனியாக வளர்ப்பார்கள். வேண்டாமென்றால் கொண்டைக்குக் கீழே நல்ல தண்டு வரை வெட்டிவிடலாம்.

கவனிப்பு மாற வேண்டும் என்பதற்கான அடையாளங்கள்

தண்டு மெலிந்து வெளிறி நீள்வது: வெளிச்சம் போதவில்லை. முன்பு சொன்ன முதன்மைத் தண்டுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. முதன்மைத் தண்டு பென்சிலைவிடத் தடித்து, உறுதியாக நிற்கும். வெளிச்சக் குறைவால் வந்தது துவண்டு, வெளிர்பச்சையாக இருக்கும். மெலிந்த பகுதி பிறகு அகலமாகாது. சட்டியை வெளிச்சத்துக்கு மாற்றிய பிறகு, நல்ல தண்டு இருக்கும் இடம் வரை வெட்டலாம்.

சிவப்பு, மஞ்சள் நிறம்: வெயில் அதிகம். ஓரம் லேசாகச் சிவந்தால் பிரச்சினை இல்லை. வெளுத்து மஞ்சளானால் நிழலுக்கு மாற்றுங்கள். காகிதம்போல வெள்ளையாகக் காய்ந்த இடம் வெயில் சுட்ட தழும்பு. அது பச்சையாகாது, பரவவும் செய்யாது.

சுருங்கிய தண்டு: இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் நேர்எதிரானவை. சட்டி லேசாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. சட்டி கனமாக, கலவை ஈரமாக இருந்தும் தண்டு சுருங்கினால் வேர் அழுகியிருக்கிறது. இங்கேதான் பலர் மேலும் தண்ணீர் ஊற்றிச் செடியை இழக்கிறார்கள். ஊற்றுவதற்கு முன் சட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

நீர்க்கொப்புளம்: தண்டின் மேல் சிறு நீர்ப்புள்ளிகளாகத் தொடங்கி, பிறகு தக்கைபோலப் பழுப்பாகச் சொரசொரக்கும். வேர் எடுக்கும் தண்ணீரைத் தண்டு வெளியேற்ற முடியாதபோது உள்ளே திசு வெடிப்பதால் வருவது இது. தொடர்மழை, காற்றோட்டம் இல்லாத மூலை, காய்ந்த சட்டியில் ஒரே நாளில் நிறைய ஊற்றுவது ஆகியவை காரணம். மருந்து தேவையில்லை. காற்றோட்டத்தைக் கூட்டி, தண்ணீரைச் சீராக்குங்கள். பழைய தழும்பு மறையாது. புதிய தண்டு சுத்தமாக வந்தால் சரியாகிவிட்டது என்று பொருள்.

ஓரத்தில் கடித்த தடம்: இரவில் டார்ச் விளக்கோடு பாருங்கள். பெரும்பாலும் நத்தைதான். கையுறை போட்டு எடுத்து அகற்றுங்கள்.

உடனே செயல்பட வேண்டியவை

செதில்பூச்சி: பழுப்பு அல்லது வெள்ளை நிறத்தில் சிறு மேடுகளாக ஒட்டியிருக்கும். அசையாததால் பலர் இதைத் தண்டின் தழும்பு என்று நினைக்கிறார்கள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தனியாகப் பெயர்ந்து வந்தால் பூச்சி, வராவிட்டால் தழும்பு. பிசுபிசுப்பு, எறும்பு வரிசை, கரும்பூஞ்சைப் படலம் ஆகியவையும் உடன் இருக்கலாம்.

மாவுப்பூச்சி: கண்களிலும் கிளை இணையும் இடங்களிலும் பஞ்சுபோல இருக்கும். காரணமே தெரியாமல் செடி மெலிந்தால் சட்டியைக் கவிழ்த்து வேரையும் பாருங்கள். வேரில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பழைய கலவையை முழுவதும் கழுவி, புதிய கலவையில் நட வேண்டும்.

இரண்டு பூச்சிக்கும் வைத்தியம் ஒன்றே. முதலில் செடியைத் தனியாக எடுத்து வையுங்கள். 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டுத் துடைத்தெடுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்து தெளியுங்கள். மாலையில்தான் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் தண்டு வெந்துவிடும். வாரம் ஒருமுறை என்று 3 வாரம் செய்யுங்கள். ஒரே தடவையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் தப்பித்துவிடும்.

அழுகல்: அடியிலோ கிளை இணைப்பிலோ கருத்து, மென்மையாகி, மேல்நோக்கிப் பரவும். காத்திருக்கக்கூடாது. நல்ல பச்சை தெரியும் வரை வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். அடி முழுவதும் போய்விட்டால் மேலே இருக்கும் நல்ல தண்டுகளை எடுத்துப் புதிதாக நடுவதே வழி.

குழிந்த கரும்புள்ளி: ஆரஞ்சு அல்லது கறுப்பு நிறத்தில் குழிந்து, வட்ட வட்டமாகப் பெருகினால் பூஞ்சை நோய். புள்ளி உள்ள தண்டை வெட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். தண்டின் மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, சட்டிகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள். இந்நாட்டு டிராகன் பழத் தோட்டங்களைப் பாதிக்கும் தண்டுப்புற்று நோயும் பூஞ்சையால் வருவதே. டிராகன் பழமும் ஒரு தொற்றுக் கள்ளி என்பதால், வீட்டில் இரண்டும் இருந்தால் ஒரே கத்தியை இரண்டுக்கும் பயன்படுத்த வேண்டாம்.

வைரஸ்: வெளிர்மஞ்சள் திட்டுகள் புதிய தண்டிலும் பழைய தண்டிலும் மாறி மாறித் தெரியும். உரம் போட்டாலும் மாறாது. தண்டு முறுக்கிக்கொண்டு, வளர்ச்சி குன்றும். கள்ளிகளைத் தாக்கும் வைரஸ்களுக்கு மருந்து கிடையாது. கத்தி வழியாகவே இது ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் பரவுகிறது. அத்தகைய செடியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து துண்டு எடுத்து யாருக்கும் கொடுக்கக்கூடாது.

வெட்டுவதும் நடுவதும்

கத்தியை ஒவ்வொரு செடிக்கும் இடையில் சுத்தம் செய்யுங்கள். சாதாரண வேலைக்கு ஆல்கஹால் போதும். வைரஸ் சந்தேகம் இருந்தால் 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் சில நிமிடங்கள் ஊறவைத்துக் கழுவுங்கள். பிளீச்சோடு வேறு எந்த இரசாயனத்தையும் கலக்காதீர்கள்.

நடுவதற்கு ஓராண்டு முதிர்ந்த நல்ல தண்டிலிருந்து 15 முதல் 20 செண்டிமீட்டர் துண்டு எடுங்கள். எது அடி, எது நுனி என்று அடையாளம் வையுங்கள். தலைகீழாக நட்டால் சரியாக வேர் பிடிக்காது. நிழலில் 5 முதல் 7 நாள் வரை வைத்து, வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டிய பிறகே நட வேண்டும். இந்த ஒரு வாரக் காத்திருப்பைத் தவிர்த்து அன்றே நடுவதால்தான் பல துண்டுகள் அழுகுகின்றன. 2 அல்லது 3 செண்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, சாயாமல் குச்சியில் கட்டுங்கள். கலவை லேசான ஈரமாக இருந்தால் போதும். 3 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும். பூக்க 2 அல்லது 3 ஆண்டுகள் ஆகலாம்.

குடும்பத்தில் பழைய செடி இருந்தால், அது நன்றாக இருக்கும்போதே இரண்டு துண்டுகளை எடுத்து உறவினர் வீட்டில் ஒன்றும் வேறு சட்டியில் ஒன்றுமாக நட்டு வையுங்கள். தாய்ச்செடி அழுகிப்போனாலும் அதே செடி இன்னொரு வீட்டில் இருக்கும்.

நன்றாக வளர்ந்தும் பூக்கவில்லையா?

மூன்று காரணங்களைப் பாருங்கள். வெளிச்சம் குறைவாக இருக்கலாம். தழைச்சத்து அதிகமாக இருக்கலாம். அல்லது அழகுக்காக அடிக்கடி கத்தரிப்பதாக இருக்கலாம். பொதுவாக ஒரு கண்ணில் ஒருமுறைதான் பூ வரும். எனவே பூத்த இடம் மீண்டும் பூக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் அதே தண்டில் பூக்காத கண்கள் இன்னும் மீதம் இருக்கும். பழைய தண்டு என்று அதை வெட்டினால் அந்தக் கண்களும் போய்விடும்.

சில வாரம் தண்ணீரைக் குறைத்து, பிறகு வழக்கம்போல ஊற்றினால் மொட்டு வைப்பதைப் பல வீடுகளில் காணலாம். வறட்சிக்குப் பின் வரும் மழையில் ஒரே தெருவில் பல வீட்டு நிஷாகந்திகள் ஒன்றாகப் பூப்பதும் இதனால்தான். மொட்டு கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து மலர ஏறக்குறைய 3 முதல் 4 வாரம் ஆகும். மொட்டு பெருத்து, வெள்ளை இதழ் நுனியில் எட்டிப் பார்த்தால் அன்றோ மறுநாளோ இரவு பூக்கும்.

சுருக்கமாக

உறுதியாக இருந்து, கண்ணிலிருந்தோ அடியிலிருந்தோ நரம்பிலிருந்தோ வந்தால்: விட்டுவிடுங்கள்.

உறுதியாக இருந்து, நிறமோ வடிவமோ மாறினால்: வெளிச்சத்தையும் தண்ணீரையும் சரிசெய்து, ஒரு வாரம் கழித்துப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

நகத்தால் பெயர்ந்து வந்தால்: பூச்சி. துடைத்து, 3 வாரம் தெளியுங்கள்.

மென்மையாக இருந்தால், நாற்றம் வந்தால், ஒரு வாரத்தில் பரவினால்: சுத்தமான கத்தியால் நல்ல பச்சை வரை வெட்டுங்கள்.